காதிலும் கன்னச் சுரப்பியிலும் சத்திர சிகிச்சை: பிறகு என்ன எதிர்பார்க்கலாம்?

ஒலுவில் துறைமுகத்துக்கென 2008ஆம் ஆண்டில் காணிகள் எடுக்கப்பட்டன. 2013இல் துறைமுகம் திறக்கப்பட்டது. காணியை இழந்த குடும்பங்கள் நட்டஈட்டுக்காக ஆண்டுக்கணக்கில் அலைய நேர்ந்தது. அதன் பின்னர் கடலரிப்பு கரையோரத் தென்னைகளையும் கொண்டுபோனது. காணி இல்லாதவர் கூலிக்குப் போகின்றார். கூலிக்குப் போகின்றவர் ஒரு நாளை வைத்தியசாலையில் கழித்தால் அன்றைக்கு அடுப்பில் உலை ஏறாது. ஆகவே வலிக்கின்ற நோய்க்கு மட்டும் மருந்து தேடுவதும், வலிக்காத நோயைத் தள்ளிப்போடுவதும் பழக்கமாகிவிடுகின்றது.

அவ்வாறு தள்ளிப்போடப்படும் நோய்களில் இரண்டைப் பற்றி இங்கு பார்ப்போம். ஒன்று, காதில் சீழ் வடிதல். மற்றையது, காதுச் சோணைக்குக் கீழே அல்லது தாடைக்கு அடியில் மெல்ல வளரும் கட்டி. இரண்டும் தொடக்கத்தில் அதிகம் வலிப்பதில்லை. இரண்டுக்கும் பல வேளைகளில் சத்திர சிகிச்சை தேவைப்படும். இரண்டையும் பற்றி நம் மக்களிடையே ஒரே அச்சம் நிலவுகின்றது: “ஒப்பரேஷன் செய்தால் வாய் கோணிப் போகுமாமே?”

இந்த அச்சத்தில் ஒரு சிறு உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையையும் அறிந்தால்தான் சரியான முடிவை எடுக்கலாம். இந்தச் சத்திர சிகிச்சைகளின் பலன் வைத்தியரின் கையில் மட்டும் தங்கியிருப்பதில்லை. நோயாளி எவ்வளவு முந்தி வருகின்றார், சிகிச்சையின் பின் எவ்வளவு ஒழுங்காகக் கிளினிக்குக்குத் திரும்பி வருகின்றார் என்பவையும் பலனைத் தீர்மானிக்கின்றன. இடம்பெயர்ந்தவர்களுக்கு இந்த இரண்டுமே கடினம் என்பதனாலேயே இதனை விளக்கமாக எழுத வேண்டியுள்ளது.

ஒரே நரம்பு, இரண்டு இடங்கள்

காதுக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். இரண்டையும் இணைப்பது முக நரம்பு. இது மூளையிலிருந்து புறப்பட்டு, காதுக்குள் உள்ள எலும்பில் ஒரு குறுகிய பாதை வழியாகச் செல்கின்றது. காதுக்குக் கீழே வெளியே வந்ததும் கன்னச் சுரப்பிக்குள் நுழைகின்றது. கூகைக்கட்டு வரும்போது வீங்குகின்றதே, அந்தச் சுரப்பிதான் அது. அங்கே பெரிய வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால்கள் பிரிவதைப் போல முக நரம்பு ஐந்து கிளைகளாகப் பிரிகின்றது. நெற்றியைச் சுருக்குவது, கண்ணை மூடுவது, சிரிப்பது, வாயைக் குவிப்பது எல்லாம் இந்தக் கிளைகளின் வேலை.

இதே நரம்பிலிருந்து ஒரு மெல்லிய கிளை காதின் நடுப்பகுதியைக் கடந்து நாக்குக்குச் செல்கின்றது. நாக்கின் முன்பகுதியின் சுவையை மூளைக்குக் கொண்டுபோவதும், தாடைக்கு அடியில் உள்ள சுரப்பியை உமிழ்நீர் சுரக்கச் செய்வதும் அந்தக் கிளையே. காதில் சத்திர சிகிச்சை செய்துகொண்ட சிலர், “சோறு தகரம் போல இருக்கின்றது” என்று சொல்வதன் காரணம் இதுதான். அந்தக் கிளை இழுபட்டாலோ அறுபட்டாலோ சுவை மாறும். பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் இந்தத் தொல்லை குறைந்துவிடும்.

காதில் சீழ்: இரண்டு வகை

காதில் சீழ் வடிதல் ஏழைகளின் நோய் என்று சொல்லலாம். உலகில் 6.5 கோடி முதல் 33 கோடி வரையானோர் நீண்டகாலமாகக் காதில் சீழ் வடியும் நோயுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் 2004இல் மதிப்பிட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வைத்தியர்கள் தமிழ்நாட்டுக் கிராமப் பிள்ளைகளிடையே செய்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 6 பிள்ளைகள் அளவில் இந்நோய் காணப்பட்டது. நெருக்கமான குடியிருப்பு, அடிக்கடி வரும் தடிமன், போசாக்குக் குறைவு ஆகியன இதற்குத் துணைபோகின்றன. நலன்புரி முகாம்களிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் வாழ்ந்தவர்களுக்கு இவை புதியவை அல்ல.

முதல் வகையில் செவிப்பறையில் ஒரு துவாரம் மட்டும் இருக்கும். தடிமன் வரும்போதும், காதில் தண்ணீர் புகும்போதும் சீழ் வடியும், பிறகு காயும். இது உயிருக்கு ஆபத்துத் தருவது அரிது. ஆனால் கேட்கும் திறன் குறையும். வகுப்பில் பின்வாங்கில் இருக்கும் பிள்ளை “படிக்காத பிள்ளை” என்று பெயரெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது வகையில் செவிப்பறையின் தோல் உள்நோக்கி இழுபட்டு, காதுக்குள் ஒரு பொதியாக வளரும். சீழ் கொஞ்சமாக இருக்கும். நாற்றம் அதிகமாக இருக்கும். இந்தப் பொதி கறையானைப் போன்றது. வெளியே அதிகம் தெரியாமல் உள்ளே எலும்பை அரிக்கும். கேட்கும் சிறு எலும்புகள் முதலில் போகும். பின்னர் முக நரம்பின் எலும்புப் பாதை அரிபடலாம். மூளையுறை அழற்சியோ மூளையில் சீழ்க்கட்டியோ ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து வரலாம். ஆகவே ஒன்றை நினைவில் வையுங்கள்: சத்திர சிகிச்சையால் மட்டுமல்ல, சிகிச்சை செய்யாமல் விட்டாலும் வாய் கோணும்.

செவிப்பறைக்கு ஒட்டுப் போடுதல்

முதல் வகைக்குச் செய்வது, துவாரத்துக்கு ஒட்டுப் போடும் சிகிச்சை. இந்த முறை 1950களில் ஜேர்மனியில் வுல்ஸ்ரைன், ஸொல்னர் என்ற இரு வைத்தியர்களால் வளர்த்தெடுக்கப்பட்டது. காதுக்கு மேலே உள்ள தசையின் மெல்லிய உறையைச் சிறிதளவு எடுத்து, கிழிந்த சாக்குக்கு ஒட்டுப் போடுவது போல வைப்பார்கள்.

இதன் பலன் நல்லது. பொதுவாக நூறு பேரில் 80 முதல் 90 பேருக்குத் துவாரம் மூடுகின்றது. பெரும்பாலானோருக்குக் கேட்கும் திறனும் ஓரளவு கூடும். ஆனால் எல்லோருக்கும் கூடும் என்று எண்ண வேண்டாம். உள்ளே சிறு எலும்புகளோ உட்காதோ ஏற்கனவே பழுதடைந்திருந்தால், துவாரம் மூடினாலும் கேட்டல் குறைவாகவே இருக்கலாம். அந்தக் காதில் கேட்டல் முற்றாகப் போவது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு.

ஒட்டுப் பிடிக்கும் வரை சில வாரங்கள் பொறுமை வேண்டும். மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மூட்டை தூக்குதல், மண்வெட்டி பிடித்தல் போன்ற பாரமான வேலைகளை வைத்தியர் சொல்லும் நாள் வரை தவிர்க்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்குப் போக இருப்பவர்கள் விமானத்தில் ஏறும் திகதியை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். விமானம் ஏறி இறங்கும்போது காதில் ஏற்படும் காற்றழுத்தம் புதிய ஒட்டைக் கெடுத்துவிடலாம்.

மாஸ்ரொயிட் சத்திர சிகிச்சை

இரண்டாவது வகைக்குக் காதுக்குப் பின்னால் உள்ள மாஸ்ரொயிட் எலும்பைத் திறந்து நோயை அகற்ற வேண்டும. 1873இல் ஜேர்மன் வைத்தியர் ஷ்வார்ட்ஸ என்பவர் இந்த எலும்பைத் திறக்கும் முறையை ஒழுங்குபடுத்தி வெளியிட்டார். இன்று நுணுக்குக்காட்டியின் உதவியோடு இது செய்யப்படுகின்றது.

இதன் முதல் நோக்கம் காதைப் பாதுகாப்பாக்குவது. கேட்டலைக் கூட்டுவது அதற்கு அடுத்தபடியே. இதனை முன்பே விளங்கிக்கொள்ளாதவர்கள் பின்னர், “ஒப்பரேஷன் செய்தும் கேட்கவில்லை, பலனில்லை” என்று வருந்துகின்றனர். சீழ் நின்றதும், மூளைக்குப் போகக்கூடிய ஆபத்து நீங்கியதுமே அந்தச் சிகிச்சையின் பெரிய பலன். கேட்டலுக்குப் பின்னர் இன்னொரு சிகிச்சையோ கேள் கருவியோ உதவலாம். கருவி வாங்க வசதியில்லாதவர்கள் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் உதவி பற்றி விசாரிக்கலாம்.

இச்சிகிச்சையில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் காதுக் குழாயின் பின்சுவரை அப்படியே விட்டு நோயை எடுப்பார்கள். காது இயல்பாக இருக்கும். ஆனால் ஒளிந்திருக்கும் நோய் மீண்டும் வளரும் வாய்ப்புக் கூடுதல்; நூற்றில் 20 பேருக்கோ அதற்கு மேலோ நோய் எஞ்சியிருக்கலாம் அல்லது திரும்பலாம். எனவே ஏறக்குறைய ஓராண்டில் மறுபடி திறந்து பார்ப்பதும் உண்டு. மற்றைய முறையில் அந்தச் சுவரை எடுத்து, உள்ளே ஒரு திறந்த குழியாக விடுவார்கள். நோய் திரும்பும் வாய்ப்பு இதில் குறைவு. ஆனால் குழியில் அழுக்குச் சேரும். ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை, ஆயுள் முழுவதும், கிளினிக்கில் சுத்தம் செய்ய வேண்டும்.

ஒழுங்காகத் திரும்பி வர முடியாதவர் என்று தெரிந்தால் வைத்தியர் இரண்டாவது முறையைத் தெரிவு செய்யலாம். ஆகவே உங்கள் நிலைமையை மறைக்காமல் சொல்லுங்கள். “எங்களுக்கு நிலையான விலாசம் இல்லை, அறுவடைக் காலத்தில் வேறு ஊருக்குப் போய்விடுவோம்” என்று சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை. அது வைத்தியருக்குத் தேவையான தகவல்.

திறந்த குழி உள்ளவர்களுக்கு இன்னுமொரு எச்சரிக்கை. குளிர்ந்த நீர் குழிக்குள் புகுந்தால் திடீரெனத் தலை சுற்றும். தென்னை மரம் ஏறுபவர், தோணியில் தொழில் செய்பவர், வாய்க்காலில் குளிப்பவர் இதில் மிகுந்த கவனம் எடுக்க வேண்டும். குளிக்கும்போது வசலீன் பூசிய பஞ்சை வெளிக்காதில் வைத்துக்கொள்ளலாம். உளூச் செய்யும்போது ஈரவிரலால் காதைத் தடவுவது பற்றிக் கேள்வி எழும். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. வைத்தியர் சொன்னதை மௌலவியிடம் எடுத்துச் சொல்லி வழி கேட்டுக்கொள்ளுங்கள்.

உமிழ்நீர்ச் சுரப்பியில் கல்

சாப்பிட உட்கார்ந்ததும், அல்லது தேசிக்காயை நினைத்ததும், தாடைக்கு அடியில் வீங்கி வலிக்கின்றது. சாப்பிட்டு ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் வீக்கம் வற்றுகின்றது. இது உமிழ்நீர்க் குழாயில் கல் அடைத்திருப்பதன் அறிகுறி. உமிழ்நீர்ச் சுரப்பிக் கற்களில் நூற்றுக்கு 80 அளவானவை தாடையடிச் சுரப்பியிலேயே உண்டாகின்றன. கல் வாய்த் தளத்துக்குக் கிட்ட இருந்தால் வாய்க்குள்ளாலேயே எடுத்துவிடலாம். வெளியில் தழும்பு வராது. சுரப்பிக்குள் ஆழமாக இருந்து, அடிக்கடி சீழ் பிடித்தால், சுரப்பியையே அகற்ற நேரிடும்.

ஒரு சுரப்பியை எடுத்தால் வாய் வரண்டுபோகும் என்ற பயம் வேண்டாம். மற்றைய சுரப்பிகள் வேலை செய்யும். கீழுதட்டின் ஓரத்தை அசைக்கும் சிறு நரம்புக் கிளை அருகில் இருப்பதால், சிலருக்குச் சிரிக்கும்போது உதடு ஒரு பக்கம் சற்று ஏறி இறங்கித் தெரியலாம். அநேகமாக இது சில வாரங்களில் அல்லது மாதங்களில் சரியாகும்.

காதுச் சோணைக்குக் கீழே கட்டி

உமிழ்நீர்ச் சுரப்பிகளில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை, நூற்றுக்கு 80 அளவில், கன்னச் சுரப்பியிலேயே வருகின்றன. அவற்றுள்ளும் பெரும்பாலானவை புற்றுநோய் அல்லாதவை. இது ஆறுதலான செய்தி. ஆனால் மிகச் சாதாரணமாக வரும் அந்த நல்ல கட்டிக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. பல ஆண்டுகள் அப்படியே விட்டால் அது புற்றுநோயாக மாறக்கூடும். ஆண்டுகள் கூடக் கூட அந்த வாய்ப்பும் கூடும்.

அதனைப் பயிற்றங்காயிலிருந்து பயறு உரிப்பது போலத் தனியே பிதுக்கி எடுக்கும் வழக்கம் முற்காலத்தில் இருந்தது. அப்படி எடுத்தவர்களில் நூற்றுக்கு 20 முதல் 45 பேருக்குக் கட்டி திரும்பி வந்தது. ஒன்றாக அல்ல, பல சிறு கட்டிகளாக. இப்பொழுது முக நரம்பை முதலில் தேடிக் கண்டு, அதனைக் காத்தபடி, கட்டியைச் சுற்றியுள்ள சுரப்பிப் பகுதியோடு சேர்த்து அகற்றுகின்றனர். இதன்பின் கட்டி திரும்புவது நூற்றுக்குச் சிலருக்கே. ஆகவே பரியாரியிடமோ சிறு இடங்களிலோ “சின்னக் கட்டிதானே, கீறி எடுத்துவிடலாம்” என்று யாராவது சொன்னால் சம்மதிக்க வேண்டாம்.

முகம் கோணுவது பற்றி இனி நேராகச் சொல்வோம். நரம்பு அறுபடாவிட்டாலும், தொட்டுப் பிரித்தெடுத்ததால் அது சோர்ந்துபோகலாம். மூன்றில் ஒருவர் அளவில் சத்திர சிகிச்சையின் பின் முகத்தின் ஏதோ ஒரு பகுதியில் தற்காலிகத் தளர்ச்சி காணப்படலாம். சில வாரங்கள் முதல் ஆறு மாதங்களுக்குள் அது பெரும்பாலும் மாறும். நிரந்தரமாக நிற்பது நூற்றுக்குச் சிலருக்கு மட்டுமே. புற்றுநோய்க் கட்டியாயின், நரம்பையும் சேர்த்து எடுக்க வேண்டிய நிலை வரலாம். அதனை வைத்தியர் முன்கூட்டியே சொல்லுவார். அப்படிப்பட்டவர்களை மஹரகம தேசிய புற்றுநோய் வைத்தியசாலைக்கோ வேறு புற்றுநோய்ப் பிரிவுக்கோ அனுப்பி, கதிர்ச் சிகிச்சையும் கொடுப்பார்கள்.

தளர்ச்சி இருக்கும் காலத்தில் கண்ணைக் காப்பது முதற் கடமை. இமை முழுதாக மூடாவிட்டால் கண் காய்ந்து புண்ணாகும்; பார்வையே போகலாம். வைத்தியர் தரும் துளி மருந்தை விடாமல் இட வேண்டும். இரவில் இமையை மூடி மெல்லிய பிளாஸ்ரர் ஒட்டலாம். சூடு அடிக்கும் களத்தில் பதர் பறக்கும் இடத்துக்குப் போகாமல் இருப்பது நல்லது. போகத்தான் வேண்டுமானால் கண்ணாடி அணியுங்கள்.

வேறு இரண்டு மாற்றங்களையும் அறிந்திருங்கள். காதுச் சோணை மரத்துப்போகலாம். தோடு போடும்போதோ கழற்றும்போதோ காயப்பட்டாலும் தெரியாது. கண்ணாடி பார்த்துச் செய்யுங்கள். இன்னொன்று, சில மாதங்களின் பின் சாப்பிடும்போது கன்னத்தில் வியர்க்கலாம். உமிழ்நீருக்குக் கட்டளை கொண்டுவந்த நரம்பு இழைகள் மீண்டும் வளரும்போது வழி தவறி, வியர்வைச் சுரப்பியோடு சேர்ந்துகொள்வதே காரணம். இதனை 1923இல் விளக்கியவர் லூசியா ஃப்ரே என்ற போலந்து நாட்டு யூதப் பெண் வைத்தியர். நாஸி ஆட்சியில் தம் வீட்டை இழந்து, யூதர்கள் அடைக்கப்பட்ட சேரியிலும் நோயாளருக்குப் பணி செய்த அவர், 1942இல் அங்கு உயிரிழந்ததாகக் கருதப்படுகின்றது. இந்த வியர்வை தீங்கற்றது. தொல்லையாக இருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

இடம் மாறினாலும் கைவிடக் கூடாதவை

நமது நாட்டில் அரச வைத்தியசாலையில் இச்சிகிச்சைகளுக்குக் கட்டணம் இல்லை. அருகிலுள்ள வைத்தியசாலையில் காட்டினால், காது மூக்கு தொண்டை நிபுணர் உள்ள இடத்துக்குக் கடிதம் தருவார்கள். செலவு பஸ் கூலியும் அன்றைய நாட்கூலியுமே. அதுவும் சுமைதான். ஆனால் நோய் முற்றிய பின் ஏற்படும் சுமை இதனிலும் பெரிது. கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் கிளினிக் நாளில் இரண்டு மூன்று நோயாளரைச் சேர்த்து அனுப்பலாம். துணைக்கு ஒருவர் போனால் போதும்.

பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. கிளினிக் அட்டை, சத்திர சிகிச்சைக் குறிப்பு, கட்டியைச் சோதித்த அறிக்கை ஆகியவற்றைக் காணி உறுதியைப் பாதுகாப்பது போலப் பொலித்தீன் உறையில் பாதுகாத்து வையுங்கள். கன்னச் சுரப்பிக் கட்டி பத்து, இருபது ஆண்டுகளின் பின்னரும் திரும்பலாம். அப்பொழுது பழைய அறிக்கை பெரிதும் உதவும்.

2. வேறு ஊருக்குப் போக நேர்ந்தால், அங்குள்ள வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள்.

3. சிகிச்சைக்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்: எதற்காக இந்தச் சிகிச்சை? கேட்டல் கூடுமா, அல்லது ஆபத்து நீங்குவது மட்டுமா? நரம்புக்கு என்ன ஆகலாம்? எத்தனை முறை திரும்பி வர வேண்டும்?

4. காதுக்குள் எண்ணெய், உள்ளிச் சாறு, தாய்ப்பால் எதுவும் ஊற்ற வேண்டாம். கோழி இறகு, ஈர்க்கு, நெருப்புக்குச்சி கொண்டு குடைய வேண்டாம்.

5. சீழ் வடியும் காதோடு காய்ச்சல், கடும் தலையிடி, வாந்தி, தலைச்சுற்று, காதுக்குப் பின்னால் வீக்கம், முகம் கோணுதல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

6. கன்னக் கட்டி திடீரென வளர்ந்தாலோ, வலித்தாலோ, சத்திர சிகிச்சைக்கு முன்னரே முகம் தளர்ந்தாலோ, கழுத்தில் வேறு கட்டிகள் தோன்றினாலோ தாமதிக்க வேண்டாம்.

ஒரு வயலை விதைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் விட்டால் விளைச்சல் கிடையாது என்பது விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. களை பிடுங்கி, தண்ணீர் கட்டி, காவல் இருந்தால்தான் நெல் வீடு வரும். சத்திர சிகிச்சையும் அப்படியே. வைத்தியர் விதைக்கின்றார், அதன் பின்னரான காவல் நம்முடையது. காணியை இழந்தவர்களிடம் இன்று எஞ்சியிருக்கும் முதல் தங்கள் உடலே. வலிக்கவில்லை என்பதற்காக அதனையும் அரிபட விட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்துக் கொட்டிலிலோ காதில் சீழோடு ஒரு பிள்ளை இருந்தால், அடுத்த கிளினிக் நாள் எது என்பதை இன்றே விசாரியுங்கள்.